முழங்கால் பட்டை

புதிய சீருடை ஜவுளிக்கடைக்குப் போன இரண்டு மணி நேரத்தில், அங்கிருந்த முந்நூறு விற்பனைப் பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தச் சீருடையின் முழங்கால் பட்டையை எங்கள் ஆலையில்தான் செய்கிறோம். இரண்டு பாலிமர்களைக் கலந்து, சூட்டோடு அச்சில் வைத்து ஆறவிட்டால், பட்டை அந்த வடிவத்தை மறக்காது. பிறகு எப்படி வளைத்து அனுப்பினாலும், உடல் சூடு பட்டதும் அந்த வடிவத்துக்கே திரும்பிவிடும். கடை முதலாளி கேட்டது நிற்கும் காலின் வடிவம். யாராவது உட்காரப் பார்த்தால் பட்டையே காலை நிமிர்த்திவிட வேண்டும்.

கலவையும் அச்சும் பார்ப்பது என் வேலை. மேலாளர் சற்குணம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா பொற்கொடி, கலவை விகிதம் தப்பாயிடுச்சா?"

"இல்ல சார். எழுபதுக்கு முப்பதுதான்."

"அப்புறம் என்ன எழவு இது? அங்க ஒருத்தி உக்காந்துக்கிட்டு டீ வேற கேக்கறாளாம்!"

பக்கத்தில் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த ஜெசிந்தா அக்கா சிரிப்பை மறைக்கத் தும்மினாள்.

சார் ஒரு தாளை நீட்டினார். "மெஷின் கோளாறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. உன் வேலை தப்பிக்கும். நாளைக்கே வேற பட்டை அனுப்பிடலாம்."

நான் பேனாவை எடுத்தேன். கோளாறு என்று எழுதினால், அந்தப் பெண்கள் உட்கார்ந்ததே கோளாறு என்றாகிவிடும். பேனாவை மூடி வைத்தேன்.

நான் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது என்பார்கள். அன்று ஆலை முழுவதும் கேட்டது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார். பட்டைய உக்காந்த கால் அச்சுல வச்சது நான்தான். தெரிஞ்சேதான் வச்சேன்."