கழன்ற ஒயர்

"நாலாவது தடவையா உங்களைக் கூப்பிடுறேன் தம்பி" என்று மெக்கானிக்கிடம் அலுத்துக்கொண்டாள் அந்த வீட்டம்மாள். "இவர் ஹெட்லைட்டைப் பெருசாக்கினார், சைடு கண்ணாடியைப் பெருசாக்கினார். என்ன பிரயோஜனம்? கூரையை மடிச்சுட்டு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கன்னு நான் வாயைத் திறந்தா போதும், வண்டி படுத்துடுது."

"முப்பது வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார், முரண்டு பிடிக்கத்தான் செய்யும்" என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கணவர்.

அவள் டீ போட உள்ளே போனாள். மெக்கானிக் பானெட்டைத் தூக்கினான். போன மூன்று தடவையும் அவன் மாட்டிவிட்ட அதே ஒயர், இன்ஜினுக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலின் ஒயர், இப்போதும் கழன்று கிடந்தது.

"சார், இதை இறுக்கி மாட்டியிருந்தேன். தானா கழலாது. யாரோ வேணும்னே பிடுங்கியிருக்காங்க."

"நான்தான்" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "கண்ணு போயிட்டே இருக்குப்பா. எவ்வளவு பெரிய லைட்டு போட்டும் ரோடு தெரியலை. அவகிட்ட சொல்ல மனசு வரலை. பழி வண்டி மேலயே கிடக்கட்டும்."

மெக்கானிக் பானெட்டை மூடினான். வாசலில் டீயோடு எதிர்ப்பட்டவளிடம், "இந்த மாடலுக்கு இனிமே பார்ட்ஸ் கிடைக்காதும்மா" என்றான்.

அவள் கணவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"அந்த ஒயரைக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. வெளிய போலாம்னு நான் கேக்குறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். கேட்டா, உடனே போய் அதைத் தடவித் தடவித் தேடுறார். ஜன்னல்லேருந்து அதைப் பார்க்க மனசு தாங்கலை."