கேரமுக்கும் மேலே

வீட்டுக் கணினியில் எந்த நிரலுக்கு முன்னுரிமை என்ற பட்டியலைப் பார்த்ததும் கிளாடிசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் மரியதாசின் இதயத்தைக் கவனிக்கும் நிரல் முதலில் இருப்பது நியாயம். ஆனால் சோறாக்கும், துணி துவைக்கும் நிரல்களுக்கு முன்னால் கேரம் ஆட்டமா?

“இந்த வெட்டி கேம தூக்கி மேல வச்சது யாரு?” என்று பழுதுபார்க்க வந்த ஹசீனாவிடம் சீறினாள்.

“யாரும் வைக்கலக்கா. அண்ணன் அசையாம உக்காந்தாதான் நாடி பாக்க முடியும். கேரம் ஆடுனாதான் அவரு உக்கார்றாரு. அதான், இதய நிரல் கேரமையும் தன்னோட மேல இழுத்துக்கிச்சு.”

“அப்ப கேரமுக்கும் மேல தெருக் கேமரா எதுக்கு?”

ஹசீனா பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். “நீங்க வேலை முடிஞ்சு தெருமுனை திரும்புறத அதுல பாத்தப்புறம்தான் அண்ணன் ஆடவே உக்கார்றாரு.”

“நான் லேட்டா வந்தா?”

“நாடியும் லேட்டுதான்.”

கிளாடிஸ் உடனே கம்பெனிக்குப் போன் போட்டாள். “சார், நாளையிலேர்ந்து எனக்கு ஓவர்டைம் வேணாம்.”

எதுவும் காதில் விழாததுபோல் கேரம் திரைமேல் குனிந்து குறிபார்த்துக்கொண்டிருந்த மரியதாஸ், குழி வாயிலேயே கிடந்த காயைத் தவறவிட்டார்.