ஆறு மணிக்கு ஏழு உண்ணிகள்

உலகத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே உயிர் நாய் உண்ணிதான் என்று தம்பி அடித்துச் சொல்வான். கால்நடை ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. சூடான உடம்பு ஒன்று மூச்சுவிட்டபடி நெருங்கினால்தான் உண்ணி முன்னங்கால்களைத் தூக்கி அந்தப் பக்கம் நீட்டும். மற்ற நேரமெல்லாம் மாதக்கணக்கில் பட்டினியாகச் சும்மா கிடக்கும்.

வீட்டு நாய் செத்து மூன்று மாதம். அதன் காதிலிருந்து கடைசியாக எடுத்த ஏழு உண்ணிகள், அவன் அறையின் வாசல் பக்க ஜன்னலோரத்தில் வலை கட்டிய புட்டியில் இருந்தன. அக்காவோ தினமும் மாலை ஆறு மணிக்கு வாசற்படியருகே அதன் தண்ணீர்க் கிண்ணத்தை வைப்பாள்.

“செத்த நாய்க்குத் தாகம் வேறயா? அப்படியே ஒரு துண்டும் வெச்சிடு, வாயைத் துடைச்சுக்கட்டும்.”

“படிச்ச வாய்டா உனக்கு. இனிமே வைக்கல, போதுமா?” அக்கா கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஆறு மணிக்கு ஏழு உண்ணிகளும் கால் தூக்கின. வெளியே யாருமில்லை. தன் மூச்சாகத்தான் இருக்கும் என்று அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினான். கால்கள் அவன் பக்கம் திரும்பவில்லை. கேட்டை நோக்கி நீண்டிருந்தவை மெல்லத் திரும்பி, கவிழ்ந்த கிண்ணத்துக்கு நேராக நின்றன. கால் மணி நேரமாகியும் இறங்கவில்லை.

அவன் கிண்ணத்தை நிமிர்த்திக் கழுவி, தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.