ஒரு வாளிக்கு ஒரு கரண்டி

"ஐயோ மாமா! செடிக்கு யாராவது உப்புத் தண்ணி ஊத்துவாங்களா?"

விஜயகலா கேட்டே விட்டாள். பக்கத்து வீட்டு நாகலிங்கம், வாளியில் உப்பைக் கரைத்து, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் உரச்சாக்குகளில் நட்டிருந்த ஆறு தக்காளிச் செடிகளுக்கும் அளந்து அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கணக்காத்தாம்மா ஊத்துறேன். ஒரு வாளிக்கு ஒரு கரண்டி."

அவ்வளவுதான். அடுத்த கேள்வி கேட்டால் கூச்சப்படுகிற மனுசன். பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் மலைக்கு இறங்கிவிட்டார்.

செடிகள் சோர்ந்து நின்றன. காய் ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு.

"பெரியவரு ஊறுகாயைச் செடியிலயே போட்டுறலாம்னு பாக்குறாரு" என்று சிரித்தான் அவள் புருசன் சுதாகரன்.

"சிரிக்காதீங்க. உள்ள ஒரு உசிரு கெடக்கு."

நாகலிங்கத்தின் மனைவி சுப்பம்மாவைத்தான் சொன்னாள். கொழும்பு ஆஸ்பத்திரியில் தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைத்துவிட்டு வந்து இரண்டு மாதம். நாக்கில் ருசி செத்துப்போய்விட்டது. சோறும் இறங்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. அடுத்த கிளினிக்குக்குள் நிறை ஏறாவிட்டால் மூக்கால் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அத்தை ஆசையா வாயில வைக்கிறது அந்தத் தக்காளி ஒண்ணுதான். அதையும் இந்த மனுசன் கொன்னுருவாரு போல இருக்கு."

அன்றிலிருந்து, அவர் தலை மறைந்ததும் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய் நல்ல தண்ணீர் பிடித்து வந்தாள். உப்பெல்லாம் கழுவிப் போகிற மாதிரி ஒவ்வொரு செடிக்கும் நிறைய ஊற்றினாள். அதன் பிறகுதான் கொழுந்து பறிக்கப் போவாள்.

பன்னிரண்டு நாளில் செடிகள் தளதளவென்று நிமிர்ந்தன. காய்கள் கைக்கு அடங்காமல் பருத்தன. ஒன்றிரண்டு வெடித்தும் போயின.

"பாத்தீங்களா? யாரு கை இது?" என்று சுதாகரனிடம் கையை விரித்துக் காட்டினாள்.

"ராசியான கைதான். நம்ம மிளகாச் செடி காஞ்சு கெடக்கு, அதையும் கொஞ்சம் தொட்டுட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை நாகலிங்கம் ஒரு கோப்பையோடு வாசலில் வந்து நின்றார். நாலு பழுத்த தக்காளி.

"இந்தாம்மா."

"எனக்கு எதுக்கு மாமா? அத்தைக்குக் குடுங்க."

"அவளுக்கு எட்டு எடுத்து வச்சுட்டேன். இது உனக்கு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் போனப்புறம் தெனம் நீதானே தண்ணி ஊத்துன? பக்கத்து வீட்டுல இப்படி ஒரு புள்ள இருக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும். இனிமே நீ செரமப்படாதம்மா. நானே பாத்துக்கிறேன்."

விஜயகலாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழத்தைக் கறிக்கு நறுக்க உட்கார்ந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

"ஏங்க, இது வேணாங்க." சுப்பம்மாவின் கரகரத்த குரல். "சும்மா தண்ணியாட்டம் இருக்கு. போன தடவை பழம் பொடிசா இருந்தாலும் நாக்குல பட்டதுமே இனிச்சிச்சு. எனக்கு ருசி தெரிஞ்சது அது ஒண்ணுதான். உப்புத் தண்ணி ஊத்துனாத்தான் அப்படி இனிக்கும்னீங்க. இந்தத் தடவை ஊத்தலியா?"

விஜயகலாவின் கையில் கத்தி அப்படியே நின்றது. இப்போது தன் பெயர் வரும் என்று நினைத்தாள்.

"ஊத்துனேன் புள்ள. மழை பேஞ்சு எல்லாத்தையும் கழுவிருச்சு."

"மழையா? தகரத்துல சத்தமே கேக்கலியே!"

"நீ தூங்கிட்டு இருந்த. விடு, இன்னும் பதினாறு பிஞ்சு இருக்கு. கிளினிக்குக்கு இருபத்தாறு நாள் கெடக்கு. அதுக்குள்ள நல்லா இனிக்கிற பழமாத் தர்றேன்."

விஜயகலா கத்தியைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அந்தத் தோட்டத்தில் பத்தொன்பது நாளாக ஒரு சொட்டு மழை இல்லை.