பூனைக்குப் பதினாறடி

மாஸ்டர் எண்ணிப் பார்த்தவரை போர்ட்டிகோ பக்கம் அன்று காலை இருந்தவர்கள் ஐந்து பேர். மாஸ்டர், மாஸ்டரின் மகள், வீட்டோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளை, வெல்டிங்காரர், மதில்மேல் சுருண்டு கிடந்த சாம்பல் நிறப் பூனை. இதில் மூளை இருந்தது ஒருவருக்குத்தான் என்பதும் அவருடைய கணக்கே.

முப்பத்தொரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர் அவர். அதை மூடி ஆறு வருஷம் ஆகியும், எதிரே நிற்கிற எல்லோரையும் கியர் மாற்றத் தெரியாதவர்களாகவே பார்த்தார். மாப்பிள்ளையோ அவரிடமே கற்றுக்கொண்டு, லைசென்ஸ் டெஸ்டில் மூன்று முறை கோட்டை விட்டவர். அந்த ஆளுக்குப் பெண்ணைக் கொடுத்ததுதான் தன் வாழ்க்கையில் தான் செய்த ஒரே ஆக்ஸிடென்ட் என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகவே சொல்வார்.

போன மாதம் தெருவில் அடிபட்டுப் பூனைக்குப் பின்னங்கால் உடைந்தது. இன்னொரு தடவை அடிபட்டால் பிழைக்காது என்று சொல்லித்தான் டாக்டர் கட்டை அவிழ்த்து அனுப்பினார். அதுவோ கதவைத் திறந்தால் போதும், நொண்டிக்கொண்டே தெருவுக்கு ஓடியது. உள்ளே வைத்துப் பூட்டினால் கதவைப் பிராண்டி ஊரைக் கூட்டியது. மகளுக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

"அதுக்கு ரோடு சென்ஸ் கிடையாது. தானா வந்து சக்கரத்துல விழுந்தா யாரு என்ன பண்றது? கூண்டு போட்டு அடைங்க" என்று தீர்ப்பு சொன்னவர் மாஸ்டர்தான்.

அதை அக்கம்பக்கத்திலும் சொல்லி வைத்தார். நான்கே வீடுகள் உள்ள முட்டுச்சந்து அது. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் தாண்டாதவர்கள் என்பதால், அவர் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே புத்தி சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

மகள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அவருக்கே ஆச்சரியம். ஆனால் அளவு சொல்லத் தெரியாத பெண். பதினாறடி நீளம், ஒன்பதடி அகலம், முன்பக்கம் இரட்டைக் கதவு என்று போர்ட்டிகோ முழுவதையும் கம்பி வலைக்குள் அடக்கச் சொல்லிவிட்டாள். பூனைக்கா, யானைக்கா என்று மாஸ்டர் கேட்டார். ஓடி விளையாட இடம் வேண்டாமா என்றாள் அவள். வெல்டிங்காரர் டேப்பை நீட்டி அளவைக் குறித்துக்கொண்டார். அந்த ஆளுக்கு அளவெடுக்கத் தெரியும், யோசிக்கத் தெரியாது என்று மாஸ்டர் முடிவு கட்டினார்.

வேலை முடிந்து, பூட்டு மாட்டுவது மட்டும்தான் பாக்கி. மூன்று நாளாகத் தெருவில் நின்ற காரை உள்ளே விடச் சொன்னாள் மகள். பூனை காருக்கு அடியில்தான் தூங்குமாம்.

"நான் சைடு பார்த்துச் சொல்றேன் மாமா" என்று மாப்பிள்ளை முன்னால் வந்தார்.

"நீங்க சொல்லி நான் ஓட்டுற நிலைமை வந்தா, அன்னிக்கே ஸ்டியரிங்கை விட்டுடறேன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை ஒதுங்கிக்கொண்டார். மாஸ்டர் சாவியைச் சுழற்றியபடி மகளை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் சாம்பல் நிறத்தில் கம்பளிச் சால்வை ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இந்த வெயில்ல சால்வை எதுக்கு? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

மாப்பிள்ளையும் வெல்டிங்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் மதில் பக்கம் திரும்பி, இவ்வளவு ரகளையிலும் அசையாமல் கிடந்த பூனையைச் சோம்பேறிக் கழுதை என்று திட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.

கார் உள்ளே வரும்போது இடதுபக்கக் கண்ணாடி தூணில் டக்கென்று இடித்து மடங்கியது. அந்தத் தூணைக் கட்டிய மேஸ்திரி ஒரு மடையன். மாஸ்டர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் இரட்டைக் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது.

"முட்டாளுங்களா, பூனை வெளிய மதில்மேல கிடக்கு. வெறும் கூண்டைச் சாத்துறீங்க."

வெல்டிங்காரர் மதிலருகே போனார். சுருண்டு கிடந்ததை ஒரு முனையில் பிடித்துத் தூக்கி உதறினார். தூசி பறந்தது. அது வாசல் கால்மிதி.

மகளின் தோளில் கிடந்த சால்வை சோம்பல் முறித்தது. வாலைத் தூக்கிக்கொண்டு கீழே குதித்தது. நொண்டி நொண்டித் தெருவைப் பார்க்க நடந்தது.

மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அது போன திசையைப் பார்த்தார். பூனையா, நிழலா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"பிடிங்க அதை" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கார்ல அடிபட்டுச் சாகப் போகுது."

"வீட்டுக் கதவு திறந்துதான் இருக்குப்பா. நீங்க அந்த வழியா உள்ள போங்க. சாயங்காலம் கண் டாக்டர்கிட்ட போறோம்."

மகள் பூட்டை மாட்டி அழுத்தினாள். சாவியை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

"தெருவுல இருந்ததே ஒரு காருதான். அதைத்தான் அடைச்சாச்சே."