கடைசியாகப் பேசுபவர்

பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

எதிரே மொழி ஆய்வாளர். நடுத்தர வயதுப் பெண். எங்கள் மக்களின் மொழியைக் கடைசியாகப் பேசுபவர் என்று அவருடைய படிவத்தில் என் பெயர் இருந்தது. அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் இரண்டு முறை படித்துக் காட்டியிருந்தேன்.

இறந்தவர்களை வழியனுப்பும் பாட்டைச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் மூத்த மகன்கள் மட்டுமே சொல்வது. நாற்பத்திரண்டு வரி. ஓர் எழுத்து பிசகவில்லை.

ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதி முடித்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

“இப்ப இதே மொழியில, சாப்பிட்டாச்சான்னு என்னைக் கேளுங்க ஐயா.”

வாயைத் திறந்தேன்.

பிணத்தின் முன் நின்று பேசத் தெரிந்த எனக்கு, உயிரோடு எதிரில் இருப்பவரிடம் பேச ஒரு சொல் கிடைக்கவில்லை.

தொண்டையைச் செருமித் தண்ணீர் கேட்டேன்.

மனைவி கொண்டுவந்தாள். அவள் எங்கள் மக்களில் ஒருத்தி இல்லை, வெளியிலிருந்து வந்தவள். தம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு ஆய்வாளரிடம் ஏதோ கேட்டாள். ஓசை எங்கள் மொழியுடையது. ஆய்வாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மனைவி என்னைக் கண்ணால் காட்டி இன்னொன்று சொன்னாள்.

சமையலறையில் என் மகள்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என் வீட்டில், என் மொழியில், ஒரு கேலி. புரியாதவன் நான் ஒருவன்தான்.

எப்படிக் கற்றீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் அந்த மொழியில்தான் ஏசினார் என்றாள் மனைவி. என்னிடம் அம்மா ஊர்மொழியில்தான் பேசுவாள்.

“திட்டறது புரிஞ்சாத்தானே திருப்பித் திட்ட முடியும்? சண்டை எப்பவோ முடிஞ்சுபோச்சு. பேச்சுதான் முடியல.”

மாமியார் மருமகள் சண்டை தெருவுக்குக் கேட்டால் குடும்ப மானம் போய்விடும் என்று அந்தச் சமையலறைக் கதவைச் சாத்திவைத்தவன் நான்.

அவள் பேசிக்கொண்டே போனாள். பால் பொங்குவதற்கு, துணி நனைவதற்கு, பொய்க் கோபத்துக்கு, முழங்கால் வலிக்கு, எல்லாவற்றுக்கும் அதில் சொல் இருந்தது. ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார்.

படிவத்தை வாங்கி என் பெயரை நானே கோடிட்டு அடித்தேன். ‘கடைசியாக’ என்பதையும் சேர்த்து.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

அம்மா கண்மூடுவதற்குச் சற்று முன் என்னைப் பார்த்து அந்த மொழியில் ஏதோ கேட்டாள். மூத்த மகன் நான். புரிந்தவன்போலத் தலையாட்டினேன். அவள் பார்வை என்னைத் தாண்டிப் போனது.

கதவருகே நின்றிருந்த இவள் தாழ்ந்த குரலில் ஏதோ முனகினாள். அம்மாவின் முகம் தெளிந்தது.

இவள் அழுகிறாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.