ரிக் வண்டிக்காரர் தூங்குகிறார்

“அம்மிணி, உம்பட புருசனை வெளிய வரச் சொல்லு! ஆம்பளை இல்லாத குடும்பத்துக்கு ஊட்டை வாடகைக்கு உடமாட்டேன்னு மொதல்லயே சொன்னனா இல்லியா?”

திருச்செங்கோட்டு அபார்ட்மென்ட் வாசலில் நின்று கத்தினாள் வீட்டுக்காரி பாவாயம்மாள்.

“போர் போடற ரிக் வண்டியில வடக்க போயிட்டு இப்பத்தானுங்க வந்தாரு. தூங்கறாருங்க அக்கா,” என்றாள் மோகனா, போனை நோண்டிக்கொண்டே.

“எப்ப வந்தாலும் தூக்கமா? என்னைய என்ன கேனச்சின்னு நெனச்சியா? நாளைக்கே காலி பண்ணு!”

உள்ளறையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. பலமான இருமல். பிறகு ஓர் ஆண்குரல் அதட்டியது: “மோகனா! யாரது வாசல்ல? மனுசன் தூங்க வேண்டாமா?”

பாவாயம்மாள் சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். “ஒண்ணுமில்லீங்க தம்பி. நீங்க தூங்குங்க, நான் வாரனுங்க.” மோகனாவை மட்டும் முறைத்தாள். “அந்த மனுசனுக்காகத்தான் உன்னைய உட்டுட்டுப் போறேன்!”

அவள் படியிறங்கியதும் மோகனா கதவைச் சாத்தினாள். போனைத் தட்டி விளக்கை அணைத்துவிட்டு, ஆளே இல்லாத உள்ளறைக்குள் போனாள். ஸ்டூல் மேலிருந்த ஸ்மார்ட் ஸ்பீக்கர் சிவப்பாய் மின்னியது.

“அதுக்குள்ள தீந்து போச்சா?” என்று சலித்துக்கொண்டே, புருசனுக்குச் சார்ஜரைச் சொருகினாள்.